கழுவிய சுவர்

பேர்ண் பக்கத்துப் பூம்ப்ளிஸ் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் நீங்கள் எல்லாரும் சுவிஸுக்கு வந்த காலத்துப் பழைய கதை எடுப்பீர்கள். அகதி முகாமில் ஒரே குசினி அடுப்புக்குச் சண்டை பிடித்தது, முதல் பனியைப் பார்த்து உப்பென்று நக்கிப் பார்த்தது, ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டது. சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நமக்கெல்லாம் ஐம்பது நெருங்குகிறது. முழங்கால் நோகிறது, வாசிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. இந்த வயதில் எதையும் சிரித்துத்தான் கழிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது.

ஒரு குளிர்காலத்தை மட்டும் நான் அந்த மேசைக்குக் கொண்டுவந்ததில்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று யாராவது கேட்டால் கிராமத்து ஆரம்பப் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அது பொய்யில்லை, நான் படித்தது அங்கேதான். ஆனால் வாழ்ந்தது வேறொரு பள்ளிக்கூடத்தில். யூதப் பிள்ளைகள் படித்த ஒரு சிறிய பள்ளிக்கூடம். அதன் நிலவறை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா அங்கே பராமரிப்பு வேலை. அம்மா சமையலறையில் உதவி.

பேர்ண் நகரத்திலிருந்து ஊர் ரயிலில் கொஞ்ச நேரம் போனால் அந்த இடம் வரும். பாதி கிராமம், பாதி நகரம். ஒரு பக்கம் மாட்டுத் தொழுவம், மறுபக்கம் புதுசாகக் கட்டிய வீடுகள். நடுவில் பெரிய மரங்களுக்குள் ஒரு பழைய மாளிகை. ஏதோவொரு காலத்தில் துணி ஆலைக்காரர் கட்டியதாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு சில தகப்பன்மார் சேர்ந்து, தங்கள் பிள்ளைகள் தங்கள் பண்டிகைகளோடும் தங்கள் எழுத்துகளோடும் வளரவேண்டுமென்று, முதலில் ஒரு வாடகை அறையில் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. மாளிகையை வாங்கியது பிறகு. நாங்கள் போனபோது அதன் நல்ல காலம் முடிந்துகொண்டிருந்தது. குடும்பங்கள் சூரிச்சுக்கும் இஸ்ரேலுக்கும் போய்விட, வகுப்பறைகளில் வெறும் மேசைகள் கூடிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த பிள்ளைகளை ஒரு சின்ன பஸ் சுற்றுவட்டாரத்திலிருந்து அள்ளிக்கொண்டு வரும்.

அதன் தலைமையாசிரியையை நாங்கள் பெரிய ரீச்சர் என்போம். உயரமான மனுஷி. தலையில் எப்போதும் ஒரு சில்க் துணி கட்டியிருப்பா. காலையில் எல்லாருக்கும் முதல் வந்து சமையலறை அடுப்பைத் தன் கையால் மூட்டுவா. அது அவர்களுடைய முறை. அடுப்பு எரியத் தொடங்கிய பிறகுதான் அம்மா சட்டியில் கை வைக்கலாம். இறைச்சிக்கு ஒரு தொட்டி, பாலுக்கு இன்னொரு தொட்டி. துடைக்கிற துணிகூடச் சிவப்பும் நீலமுமாகப் பிரித்திருக்கும். அதையெல்லாம் அம்மாவுக்கு விளங்கப்படுத்தச் சொல்லிப் பெரிய ரீச்சர் என்னை முதல் நாள் கூப்பிட்டு நிறுத்தினா. நான் ஜெர்மனில் கேட்டுத் தமிழில் சொன்னேன். அம்மா பாதியிலேயே தலையாட்டினா.

"வெள்ளிக்கிழமை மரக்கறிச் சட்டி வேறை, மீன் காய்ச்சிற மச்சச் சட்டி வேறை. இது எங்களுக்குத் தெரியாததே? விளங்கீட்டுது எண்டு சொல்லு."

அப்படித்தான் என் உத்தியோகம் தொடங்கியது. பத்து வயதில் நான் அந்தக் குடும்பத்தின் வாய். வைத்தியரிடமும் அரசாங்கக் கந்தோரிலும் கடையிலும் நான்தான் கதைத்தேன். நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள். பெரியவர்களின் வெட்கத்தையும் பயத்தையும் சிறுபிள்ளை நாக்கில் தூக்கிக்கொண்டு திரிந்தோம். அது பாரம் என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

அப்பாவுக்கு அந்த இடத்தில் ஒரு பெருமை இருந்தது. மெழுகு பூசிய மரத்தரை, பித்தளைக் கைப்பிடிகள், ஒரு வளையத்தில் எல்லாக் கதவுகளின் சாவியும். ஊரில் அவர் நில அளவைக் கந்தோரில் எழுதுவினைஞர். இங்கே பனி தள்ளினார், குழாய் திருத்தினார், ஆனாலும் தன்னை அந்த வீட்டின் காவலாளாக நினைத்துக்கொண்டார்.

"இவையளும் எங்களை மாதிரித்தான். அடிபட்டு ஓடி வந்த சனம். எங்கடை நோவு இவையளுக்கு விளங்கும்," என்று அம்மாவுக்குச் சொல்லுவார்.

ஒருநாள் இதையே பெரிய ரீச்சருக்குச் சொல்லச் சொல்லி என்னைத் தள்ளினார். நான் சொன்னேன். பெரிய ரீச்சர் சிரித்துக்கொண்டே, "நாங்கள் எங்கிருந்தும் ஓடி வரவில்லை. என் தாத்தாவின் தாத்தா இந்த நாட்டில் மாடு விற்றவர்," என்றா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. நான் அப்பாவுக்கு, "சந்தோஷம் எண்டு சொல்லுறா" என்று மொழிபெயர்த்தேன்.

இலையுதிர் காலத்தில் அவர்களுக்கு ஒரு பண்டிகை வரும். முற்றத்தில் ஒரு குடில் கட்டி, கிளைகளால் கூரை போட்டு, பிள்ளைகள் அதற்குள் இருந்து சாப்பிடுவார்கள். கூரை வேலையை அப்பாவிடம் விட்டார்கள். அவர் ஒரு சொட்டு மழை இறங்காதபடி கிளைகளை நெருக்கி அடுக்கினார். பெரிய ரீச்சர் வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தா. உள்ளே இருந்தால் நட்சத்திரம் தெரியவேண்டுமாம், அதுதான் விதியாம். அப்பா பாதிக் கிளைகளைக் கழற்றினார். "ஓட்டைக் கூரைக்கு என்னத்துக்கு ஒரு ஆள்?" என்று முணுமுணுத்தாலும் அன்று அவருக்கு மனம் நிறைந்திருந்தது. அந்த வீட்டில் நான் கண்ட கடைசிச் சிரிப்புகளில் ஒன்று அது.

பெரிய ரீச்சரின் மகளுக்கும் என் வயது. பள்ளி விட்டபின் தாய் வேலை முடிக்கும்வரை அவள் எங்கள் நிலவறைக்கு இறங்கி வருவாள். எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டாள், தண்ணீர் மட்டும் குடிப்பாள். அம்மா கடுகு தாளிக்கும்போது படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சி மணம் பிடிப்பாள். எனக்கு அவர்களுடைய எழுத்துகளைச் சொல்லித் தந்தாள், வலமிருந்து இடமாக. நான் அவளுக்கு "அ" எழுதக் காட்டினேன். அவளுடைய "அ" எப்போதும் சறுக்கி விழுந்த ஆள்போல இருக்கும். குளிர்காலப் பண்டிகைக்கு ஒரு மரப் பம்பரம் தந்தாள், நான்கு பக்கமும் எழுத்துப் பொறித்தது. வீடு மாறியபோது அது எங்கோ போய்விட்டது. வீடு மாறும்போது அகதிப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்தான் முதலில் தொலையும்.

வருடம் பிறந்து கொஞ்ச நாளில் அது நடந்தது.

அப்பா விடிவதற்கு முன்பே எழும்பிப் பனி தள்ளுவார், பஸ் வரும்போது பாதை சுத்தமாக இருக்கவேண்டும் என்று. அன்று குழாயில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டு எனக்கு விழிப்பு வந்தது. அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். வெளி மதிலில் சிவப்புப் பெயின்ற். அப்பா மண்டியிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் சிவப்பு, காலடிப் பனியிலும் சிவப்பு. அம்மா சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தா.

கடைசிச் சொல் மட்டும் அழியாமல் இருந்தது. "வெளியே போ" என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். நாங்கள் முன்பு இருந்த அகதி முகாமின் கதவிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். முதற்சொல் மட்டும் அங்கே வேறு: அங்கே 'தமிழர்', இங்கே தேய்த்தும் மங்கலாகத் தெரிந்த 'யூதர்'.

"ஆரப்பா எழுதினது?" என்று அம்மா கேட்டா.

"கந்தோர்க்காரற்ரை பெடியன். அவனும் இன்னொருத்தனும். என்னைக் கண்டோடனை டப்பாவை எறிஞ்சுபோட்டு மொப்பெட்டிலை ஓடீட்டாங்கள். தொப்பி போடேல்லை. முகத்தை நல்லாப் பாத்தன்."

அம்மா வாளியைக் கீழே வைத்தா.

கந்தோர்க்காரர் என்று நாங்கள் சொன்னது கிராம நிர்வாகச் செயலாளரை. எங்களிடம் இருந்தது அகதி வழக்கு முடியாதவர்களுக்குத் தரும் தற்காலிக அட்டை. வழக்கை ஒருமுறை நிராகரித்துவிட்டார்கள், மேல்முறையீடு போட்டிருந்தோம். அட்டையின் காலத்தை நீட்டவேண்டுமென்றால் கந்தோரில் அவருடைய கண்ணாடித் தடுப்புக்கு முன்னால்தான் போய் நிற்கவேண்டும். குடும்பம் எப்படி, ஒழுங்காக இருக்கிறார்களா என்று மேலிடத்திலிருந்து அவரிடம்தான் கேட்பார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அவருடைய மகன் பள்ளி முடித்துவிட்டுச் சும்மா திரிந்த பெடியன். மஞ்சள் மொப்பெட்டோடு கந்தோர் வாசலில் நிற்பதை நாங்கள் எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம்.

"ரீச்சரிட்டைச் சொல்லுங்கோ," என்றா அம்மா.

"சொல்லி? பொலிஸ் வரும். பொலிசும் கந்தோர்க்காரனும் ஒரு கடையிலை கோப்பி குடிக்கிற ஆக்கள். பிறகு எங்கடை அட்டை?" அப்பா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பிள்ளையள் வரமுன்னம் இதைக் கழுவவேணும். சின்னனுகள் வாசிக்கக் கூடாது."

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கும் சத்தியம் செய்வேன், அவர் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் கழுவினார்.

பிள்ளைகளின் பஸ் வந்தபோது சுவரில் ஒரு ரோஸ் நிறக் கறை மட்டும் மிஞ்சியிருந்தது. அன்று பனியால் பிந்தி வந்த பெரிய ரீச்சர் அதற்கு முன்னால் நின்றா. பனியில் கிடந்த சிவப்பையும் பார்த்தா. என்ன எழுதியிருந்தது என்று என்னைக் கேட்டா. சொன்னேன். அவ முகம் வெளுத்தது. பிறகு அப்பாவின் சிவந்த கையைப் பிடித்து நன்றி சொன்னா. அதோடு அந்த நாள் முடிந்திருக்கலாம்.

மத்தியானம் பொலிஸ்காரர் வந்தார். சுவரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "தடயம் எல்லாம் போய்விட்டதே. ஏன் எங்களைக் கூப்பிட முதல் கழுவினார்?" என்று என்னிடம் கேட்டார்.

"பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று."

"டப்பா எதுவும் கிடந்ததா?"

அப்பா அதை எப்போதோ கிராமத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். "இல்லையெண்டு சொல்லு," என்றார். சொன்னேன்.

"யாரையும் பார்த்தாரா?"

"ஒருத்தரையும் காணேல்லை எண்டு சொல்லு."

சொன்னேன். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். பெரிய ரீச்சர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றா. அப்பாவோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் சோதனைச் சாவடியில் நிற்கிற மாதிரி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு. அதற்குப் பெயர் பயம் என்று எனக்குத் தெரியும். பார்க்கிற மற்றவர்களுக்கு அது குற்றவாளி நிற்கிற நிலை.

அதற்குப் பிறகு அந்த வீட்டின் காற்றே மாறியது. வாசலில் மணியும் கமராவும் பூட்டினார்கள். பெற்றோர் கூட்டம் மூடிய கதவுக்குள் நடந்தது. அந்த நாட்களில் இந்த நாட்டில் யூதர்களைப் பற்றிப் பேப்பர்களுக்கு வரும் கடிதங்களெல்லாம் விஷமாக இருந்தன என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தொலைபேசியில் யாரோ கூப்பிட்டு மூச்சு மட்டும் விட்டு வைத்துவிடுவார்களாம். அவர்களுடைய பயம் உண்மையான பயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயந்த ஆட்கள் தங்களுக்குக் கைக்கு எட்டுகிற ஆளைத்தான் பிடிப்பார்கள். எழுதியவன் எட்டவில்லை. கழுவியவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

பெரிய ரீச்சரின் மகள் கீழே இறங்கி வருவது நின்றது. ஒருநாள் மதில் ஓரத்தில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏன் இப்போது வருவதில்லை?"

அவள் சப்பாத்தால் பனியைக் கிண்டினாள். "வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் அப்பாவுக்கு யார் என்று தெரியுமாம். தெரிந்துகொண்டுதான் கழுவினாராம். கூட்டத்தில் அப்படித்தான் கதைத்தார்களாம். அவரிடம் எல்லாச் சாவியும் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறதாம்."

"அவர் உங்களுக்காகத்தானே கழுவினார்?"

"அம்மாவும் அப்படித்தான் சொன்னா. ஆனால் அவர் பார்த்தால் பார்த்தேன் என்று சொல்லலாமே, என்றும் சொன்னா."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பல நாள் படுத்தேன், எழும்பினேன். பத்து வயதுக் கணக்கு நேரான கணக்கு. அப்பா சொல்லாததுதான் பிழை. சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அவள் திரும்பவும் படியிறங்கி வருவாள், அம்மா சமையலறையில் தலை நிமிர்ந்து நிற்பா, அப்பாவின் கையைப் பெரிய ரீச்சர் மறுபடியும் பிடிப்பா. அப்பாவால் முடியாவிட்டால் நான் சொல்லவேண்டியதுதான். அவருடைய வாய் நான்தானே?

ஒரு பின்னேரம் படியேறிப் போய்ப் பெரிய ரீச்சரின் அறைக் கதவைத் தட்டினேன். மெழுகும் பழைய புத்தகமும் மணக்கிற அறை. அவ பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தா. நின்றபடியே சொன்னேன்: அப்பா பார்த்தவர், அது கந்தோர்க்காரரின் மகன், அட்டைக்குப் பயந்துதான் அப்பா சொல்லவில்லை.

அவ பேனையைக் கீழே வைத்தா. திருத்திக்கொண்டிருந்த கொப்பியை மூடினா. பிறகு, "நன்றி. நீ தைரியமான பிள்ளை," என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கூப்பிட வேறொரு ஆளை அனுப்பினா.

அப்பா கொதிகலன் அறையிலிருந்து வந்தார், கையில் கரியோடு. என்னை அங்கே கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெரிய ரீச்சர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டா. நான் தமிழில் சொன்னேன். "அப்பா, நீங்கள் ஆளைக் கண்டனீங்கள் எண்டு நான் சொல்லிப்போட்டன். அது உண்மையோ எண்டு கேக்கிறா. பயப்பிட வேண்டாமாம். தான் உங்களோடை நிப்பனாம்."

அப்பா கையிலிருந்த கரியைக் காற்சட்டையில் துடைத்தார். என்னை அவர் அடித்ததில்லை. அன்று அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"இவள் பொய் சொல்லுறாள் எண்டு சொல்லு," என்றார்.

நான் பெரிய ரீச்சரின் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லு. சின்னப்பிள்ளை, கற்பனையிலை கதை கட்டுவாள் எண்டு சொல்லு. நான் ஒருத்தரையும் காணேல்லை."

"அப்பா..."

"நான் சொன்னதைச் சொல்லு!"

பெரிய ரீச்சருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எல்லாம் விளங்கியிருக்கும். இருந்தாலும் நான் சொல்லும்வரை அவ காத்துக்கொண்டிருந்தா. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை. அவ ஒரு சொல் சொல்லி என்னை அந்த அறையிலிருந்து அனுப்பியிருக்கலாம். அவ ஒரு ஆசிரியை. ஒரு தாய்.

நான் நல்ல ஜெர்மனில், ஒரு இலக்கணப் பிழையும் விடாமல் சொன்னேன். "நான் பொய் சொல்கிறேன் என்று அப்பா சொல்கிறார். எனக்குக் கற்பனை அதிகமாம். அவர் யாரையும் பார்க்கவில்லையாம்."

யன்னலுக்கு வெளியே பிள்ளைகள் பஸ்ஸில் ஏறும் சத்தம் கேட்டது. பெரிய ரீச்சர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு, நிதானமாக, "நான் உன்னை நம்புகிறேன் என்று அவருக்குச் சொல்," என்றா.

அதையும் மொழிபெயர்த்தேன். அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். கொதிகலன் அறைக் கதவு சாத்துவது மேலே வரைக்கும் கேட்டது.

என்னை நம்பியதால் அவ எங்களை அனுப்பினா. இதுதான் அந்தக் கதை. பயந்த ஆளோடு தன்னால் வேலை செய்யமுடியும், முகத்துக்கு நேரே பொய் சொல்லுகிற ஆளிடம் பிள்ளைகளின் கதவுச் சாவியைக் கொடுத்து வைக்கமுடியாது என்று பிறகு அம்மாவிடம் சொன்னா. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். பொலிசுக்கும் என் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறா. தகப்பன் மறுக்கிறார், பிள்ளை கட்டிய கதைக்கு நாங்கள் என்ன செய்யமுடியும் என்று விட்டுவிட்டார்களாம். வசந்தப் பண்டிகை வரைக்கும் எங்களுக்குத் தவணை தந்தார்கள்.

அவர்களுடைய அந்தப் பண்டிகைக்கு முன்னால் வீட்டில் புளித்த மாவின் ஒரு துகள்கூட இருக்கக்கூடாது. அம்மா சமையலறையைக் கழுவினா. வேலை போய்விட்டது என்று தெரிந்தும் கழுவினா. இழுப்பறைகளைக் கழற்றி, இடுக்குகளை ஊசியால் கிண்டி, அடுப்புக்குப் பின்னால் படுத்துக் கிடந்து துடைத்தா. "விடணை அம்மா, எங்களுக்கென்ன?" என்று நான் கத்தினேன்.

"ஊத்தையாய் விட்டிட்டுப் போச்சினம் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது," என்றா.

பரிசோதிக்க வந்த பெற்றோர் சங்கத்து மனுஷி ஒருத்தர், இந்தச் சமையலறை இப்படிச் சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை என்றா. அம்மாவுக்கு அதை மொழிபெயர்க்க நான் மறுத்துவிட்டேன்.

மாமா ஒருவர் லாங்கன்தால் என்ற ஊரில் இருந்தார். அதே மாநிலம் என்பதால் அங்கே மாற அனுமதி கிடைத்தது. பதிவை எடுக்கக் கந்தோருக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் கந்தோர்க்காரர் எப்போதையும்விட மரியாதையாக இருந்தார். அப்பாவை உட்காரச் சொன்னார். முத்திரை குத்தினார். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்பாவும் அவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பிறகு அவர் இழுப்பறையிலிருந்து ஒரு சொக்லேற் எடுத்துக் கண்ணாடிக்குக் கீழால் எனக்குத் தள்ளினார்.

"டாங்க எண்டு நன்றி சொல்லு," என்றார் அப்பா.

சொன்னேன். ரயிலில் அதைத் தின்றேன். நல்ல சொக்லேற். அது ருசித்ததுதான் எனக்குப் பெரிய அவமானம்.

லாங்கன்தாலில் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சில வருடங்களில் வதிவிட அனுமதியும் கிடைத்தது. கந்தோர்க்காரர் எங்களைப் பற்றி மேலிடத்துக்கு நல்ல வார்த்தை எழுதினாரா, ஒன்றுமே எழுதவில்லையா, யாருக்கும் தெரியாது. அவருடைய மகன் என்ன ஆனான் என்று நான் தேடவில்லை. பெரிய ரீச்சரின் அறையை விட்டு வந்த பிறகு அப்பாவுக்காக நான் ஒரு வார்த்தை மொழிபெயர்த்ததில்லை. கேட்டால் தலையிடி என்பேன், பரீட்சை என்பேன். அவர் கொச்சை ஜெர்மனில் தானே சமாளிக்கப் பழகினார். கோயிலில் நீங்கள், "உன்ரை பாஷைக்கு நீ மொழிபெயர்ப்பாளராய்ப் போயிருக்கலாம்" என்று சொல்லும்போதெல்லாம் நான் சிரித்து மழுப்புவது இதனால்தான். நான் ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிக் குழாய்களோடு வேலை செய்கிறேன். அவை கதைப்பதில்லை.

அந்தப் பள்ளிக்கூடமும் கடைசியில் மூடப்பட்டது. பிள்ளைகள் போதவில்லை. மாளிகையை வீடுகளாகப் பிரித்து விற்கப் போவதாகவும், பழைய ஆட்கள் வந்து கடைசியாகப் பார்க்கலாம் என்றும் பேப்பரில் ஒரு சிறு செய்தி வந்தது. ஏன் போனேன் என்று தெரியவில்லை. போனேன். சுவரில் பழைய வகுப்புப் படங்கள், தொடக்கக் காலத்துத் தகப்பன்மாரின் படங்கள். ஒரு ஓரத்தில் குடிலின் படம்கூட இருந்தது, பிள்ளைகள் உள்ளே இருந்து சாப்பிடுகிறார்கள். கூரை போட்டவர் படத்தில் இல்லை.

பெரிய ரீச்சர் ஊன்றுகோலோடு கதிரையில் இருந்தா. என்னை உடனே கண்டுபிடித்தா. கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினா. மகள் இஸ்ரேலில், மூன்று பிள்ளைகள் என்றா. பிறகு குரலைத் தாழ்த்தினா.

"நீ அன்று சொன்னதை நான் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. அது உனக்குத் தெரியுமல்லவா?"

"தெரியும். அதனால்தானே எங்களை அனுப்பினீர்கள்."

"என் பொறுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள்," என்றா.

"நானும் அந்த வீட்டில் இருந்த பிள்ளைதான்."

அவ என் கையை விடவில்லை. அதற்குள் யாரோ குழுப்படம் எடுக்க அவவைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா போன வருடம் போய்விட்டார், உங்களில் பலர் செத்தவீட்டுக்கு வந்தீர்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஆஸ்பத்திரியில் நல்ல வெயில் அடித்த ஒரு பின்னேரம், நானும் அவரும் தனியே இருந்தோம். அத்தனை வருடமும் கேட்காததைக் கேட்டேன்.

"அண்டைக்கு ஏன் என்னைப் பொய்க்காரி ஆக்கினீங்கள், அப்பா?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்.

"ஆரோ ஒருத்தர் எங்களைத் துரத்திக் கலைக்கத்தான் போகினம் எண்டு அந்த அறைக்கை வரேக்கையே எனக்கு விளங்கீட்டுது. ஆர் கலைக்கிறது எண்டதைத்தான் நான் தெரிஞ்செடுத்தன். பள்ளிக்கூடம் கலைச்சால் லாங்கன்தாலுக்குப் போகலாம். கந்தோர் கலைச்சால் கொழும்புக்குத்தான்."

கொழும்பில் அந்த வருடங்களில் திரும்பி வந்தவர்களுக்கு என்ன நடந்தது, எத்தனை பேர் பிடிபட்டுக் காணாமல் போனார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

"அதை எனக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீ என்னை மன்னிச்சிருப்பாய். மன்னிச்சால் ஆரிட்டையும் வாய் தவறிச் சொல்லிப்போடுவாய். கோவமாய் இருந்தாத்தான் நீ கதைக்கமாட்டாய்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பவும் கோவமோ?"

"ஓம்," என்றேன்.